மெர்சிடஸை வரைந்த கை: வாசகர் கேள்வி-பதில்

சென்ற இதழில், மெர்சிடஸ் என்பது யாருடைய பெயர் என்று ஆம்பூர் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அது எமில் யெல்லினெக் என்னும் கார் வியாபாரியின் மகளுடைய பெயர் என்று விடையளித்துவிட்டு, அந்தக் காரை வடிவமைத்தவர் டைம்லரும் அல்லர், பென்ஸும் அல்லர், வில்ஹெல்ம் மேபாக் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு காட்பாடி முதல் அரக்கோணம் வரை பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்திருப்பதால், இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் மேபாக்குக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: மேபாக் என்றால் கோடிக்கணக்கில் விலை சொல்லும் கார் என்றுதான் எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். அது ஒரு மனிதரின் பெயர் என்பதே எங்களுக்குப் புதிய செய்தி. அவர் எந்தக் கல்லூரியில் படித்தார்? இந்தத் துறைக்கு எப்படி வந்தார்?
— பாலிடெக்னிக் மாணவர், காட்பாடி

பதில்: அவர் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. ஜெர்மனியின் தென்மேற்கே, அந்நாளில் வூர்ட்டெம்பெர்க் என்னும் தனி அரசாக இருந்த பகுதியில், ஹைல்பிரான் நகரில் 1846 பிப்ரவரி 9 அன்று ஒரு தச்சரின் மகனாக அவர் பிறந்தார். பிழைப்புக்காகக் குடும்பம் ஸ்டுட்கார்ட்டுக்குக் குடிபெயர்ந்தது. 1854இல் தாயும் 1856இல் தந்தையும் இறந்துபோக, ஐந்து ஆண்பிள்ளைகளும் அனாதைகளாயினர். நல்ல உள்ளம் படைத்தவர்கள் இப்பிள்ளைகளுக்கு ஆதரவு தர வேண்டும் என்று ஸ்டுட்கார்ட் பத்திரிகை ஒன்றில் விளம்பரம் வெளிவந்தது. ராய்ட்லிங்கன் என்னும் ஊரில் குஸ்டாவ் வெர்னர் என்ற சமய ஊழியர் நடத்திவந்த புருடர்ஹவுஸ் இல்லம் பத்து வயது வில்ஹெல்மை ஏற்றுக்கொண்டது.

அந்த இல்லம் சோறு போட்டுப் பிள்ளைகளை வளர்த்ததோடு நிற்கவில்லை. தனக்கென்று பட்டறைகளும் ஓர் இயந்திரத் தொழிற்சாலையும் வைத்திருந்தது. ஆரணியில் அமெரிக்க ஆற்காடு மிஷன் நடத்திய தொழிற்பள்ளியைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இந்த ஏற்பாடு எளிதில் விளங்கும். முதலில் அடுமனை வேலைக்கு அனுப்பப்பட்ட சிறுவனுக்குப் படம் வரைவதில் இருந்த திறனை வெர்னர் கண்டுகொண்டு, அவனைத் தொழிற்சாலையின் வரைபட அறைக்கு மாற்றினார். பகலில் வரைபட வேலையும் மாலையில் நகரப் பள்ளியில் இயற்பியலும் ஓவியமுமாக அவன் கற்றதுதான் பின்னாளில் வந்த அத்தனை இன்ஜின்களுக்கும் முதலாக அமைந்தது.

அந்தத் தொழிற்சாலையின் பொறுப்பாளராக 1863இல் வந்து சேர்ந்தவர் காட்லீப் டைம்லர். 1865இல் அவருக்கு 31 வயது, மேபாக்குக்கு 19. அன்று ஏற்பட்ட பழக்கம் டைம்லர் இறக்கும்வரை 35 ஆண்டுகள் நீடித்தது. டைம்லர் எங்கே வேலைக்குச் சென்றாரோ அங்கே மேபாக்கையும் அழைத்துக்கொண்டார். 1869இல் கார்ல்ஸ்ரூ, 1872இல் கொலோன் நகரை ஒட்டிய டாய்ட்ஸ். டாய்ட்ஸில் ஓட்டோவும் லாங்கனும் நடத்திய எரிவாயு இன்ஜின் தொழிற்சாலையில் டைம்லர் தொழில்நுட்ப இயக்குநராகவும், மேபாக் வடிவமைப்புப் பிரிவின் தலைவராகவும் பணியாற்றினர். உங்கள் பாடப்புத்தகத்தில் நான்கு வீச்சுச் சுழற்சி என்று வருகிறதே, அந்த ஓட்டோ இன்ஜின் 1876இல் அங்கேதான் பிறந்தது. கண்டுபிடிப்பு ஓட்டோவினுடையது, அதைப் பட்டறையில் நூற்றுக்கணக்கில் செய்து விற்கத்தக்க பொருளாகத் திருத்தி வரைந்தவர் மேபாக்.

ஓட்டோவுக்கும் டைம்லருக்கும் ஒத்துப்போகாமல் 1882இல் டைம்லர் வெளியேறி, ஸ்டுட்கார்ட்டை அடுத்த கன்ஸ்டாட்டில் வீடு வாங்கினார். அவரைப் பின்தொடர்ந்து மேபாக்கும் மனைவி பெர்த்தாவுடனும் சிறு மகன் கார்லுடனும் அங்கே வந்து சேர்ந்தார்.

கேள்வி: இருவரும் கள்ளநோட்டு அடிக்கிறார்கள் என்று போலீஸார் சோதனை போட்டதாக ஒரு கதை உலவுகிறதே, அது உண்மையா?
— பள்ளி ஆசிரியை, ஆற்காடு

பதில்: இருவரைப் பற்றிய வரலாறுகளில் தவறாமல் சொல்லப்படும் செய்திதான் அது, ஆனால் காகித நோட்டு அன்று, கள்ள நாணயம். டைம்லர் வீட்டுத் தோட்டத்தில் செடிகளுக்காக இருந்த கண்ணாடிக் குடிலை இருவரும் பட்டறையாக மாற்றி, கதவை எப்போதும் பூட்டி வைத்துக்கொண்டு, இரவும் பகலும் உள்ளே உலோகத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். தோட்டக்காரருக்கு ஐயம் எழுந்து காவல் துறையிடம் சொல்லிவிட, அவர்கள் தோட்டக்காரரின் சாவியைக் கொண்டே இரவில் உள்ளே புகுந்து பார்த்தார்கள். அங்கே இருந்தவை இன்ஜின்களும் கருவிகளும் மட்டுமே.

கதையைவிட, உள்ளே நடந்த வேலையே நமக்கு முக்கியம். ஓட்டோவின் இன்ஜின் ஓர் அறையை அடைக்கும் அளவு பெரியது. நிமிடத்துக்கு 150, 180 சுற்றுகளுக்கு மேல் ஓடாது. வாயுவைப் பற்றவைப்பதற்குச் சுடரைத் திறந்து மூடும் அமைப்பு அதில் இருந்ததால், வேகத்தைக் கூட்டினால் சுடர் ஈடுகொடுக்காது. சிலிண்டரின் பக்கவாட்டில் ஒரு சிறு குழாயைப் பொருத்தி, அதை வெளியிலிருந்து விளக்குச் சுடரால் எப்போதும் பழுக்கக் காய்ச்சி வைத்து, அழுத்தப்பட்ட வாயு அதைத் தொட்ட மாத்திரத்தில் பற்றிக்கொள்ளுமாறு இவர்கள் செய்தார்கள். 1883 டிசம்பரில் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. நின்றநிலையில் இருக்கும் பெரிய கடிகாரத்தைப் போன்ற தோற்றத்தால் ‘தாத்தா கடிகாரம்’ என்று செல்லமாக அழைக்கப்பட்ட 1885ஆம் ஆண்டு இன்ஜின், இம்முறையால் நிமிடத்துக்கு 600 சுற்றுகள் ஓடியது. வேகமாகச் சுற்றும் இன்ஜின் சிறிதாகவும் எடை குறைவாகவும் இருக்கலாம். ஒரு வண்டியில் ஏறலாம். அந்த இனத்து இன்ஜினை 1885இல் மரச்சட்டத்தால் ஆன இருசக்கர வண்டியிலும், 1886இல் குதிரை வண்டியிலும் நெக்கார் ஆற்றுப் படகிலும் ஏற்றி ஓட்டினார்கள். அரைக் குதிரைத்திறன் கொண்ட அந்த மர வண்டியே பெட்ரோலில் ஓடிய முதல் மோட்டார் சைக்கிள் எனப்படுகிறது.

கேள்வி: நான் முப்பது வருடமாக இரு சக்கர வாகன மெக்கானிக். என் தொழிலில் பாதி கார்ப்பரேட்டர் வேலைதான். 2020இல் பி.எஸ்.6 வந்த பிறகு வண்டிகள் எல்லாம் ஃப்யூயல் இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டன. கார்ப்பரேட்டரைக் கழற்றத் தெரியாத பையன்கள் தொழிலுக்கு வருகிறார்கள். அந்தக் கார்ப்பரேட்டரைக் கண்டுபிடித்தவர் மேபாக் என்கிறார்களே?
— மெக்கானிக், குடியாத்தம்

பதில்: கார்ப்பரேட்டர் என்னும் கருவி அவருக்கு முன்பும் இருந்தது, ஆனால் உங்கள் கைக்கு வந்துசேர்ந்த வடிவத்துக்கு மூலம் அவர் செய்ததே. பழைய முறையில், தொட்டியில் உள்ள பெட்ரோலின் மேற்பரப்பின் வழியாகக் காற்றைச் செலுத்துவார்கள். ஆவியாகும் பெட்ரோல் காற்றோடு கலந்து இன்ஜினுக்குச் செல்லும். இதில் இரண்டு தொல்லைகள் உண்டு. பெட்ரோலில் உள்ள இலேசான பகுதி முதலில் ஆவியாகிவிட, கனமான பகுதி அடியில் தேங்கும். எனவே புறப்படும்போது ஒரு கலவையும் ஐந்து கிலோமீட்டர் கடந்த பிறகு வேறொரு கலவையும் கிடைக்கும். இரண்டாவதாக, வண்டி குலுங்கினாலும் வானிலை மாறினாலும் கலவை மாறிவிடும்.

1893இல் மேபாக் செய்த கருவியில் ஆவியாக்கல் கிடையாது. பெட்ரோலைத் தெளிக்கும் முறை இருந்தது. ஒரு சிறு கிண்ணத்தில் மிதவை ஒன்று ஏறி இறங்கி, ஊசியால் வழியைத் திறந்து மூடிப் பெட்ரோலின் மட்டத்தை மாறாமல் வைத்திருக்கும். அந்த மட்டத்துக்குச் சற்று மேலே, காற்று செல்லும் குழாயில் ஒரு நுண்துளை. பிஸ்டன் கீழிறங்கிக் காற்றை இழுக்கும்போது, அந்த இழுப்பே துளை வழியாகப் பெட்ரோலையும் பொடித்துளிகளாக இழுத்துவிடும். இன்ஜின் வேகமாக ஓடினால் இழுப்பு கூடும், பெட்ரோலும் கூடும். ஃப்ளோட், நீடில், ஜெட் என்று நீங்கள் நாள்தோறும் கழற்றித் துடைத்து மாட்டிய மூன்றும் அதில் இருந்தன. ஜெட் அடைத்துக்கொள்ளும் நோயும் அன்றே தொடங்கியிருக்கும் என்றுதான் எண்ணுகிறேன்.

அதே 1893ஆம் ஆண்டின் பிப்ரவரியில், ஹங்கேரியைச் சேர்ந்த டோனாட் பாங்கி, யானோஸ் சோங்கா என்னும் இருவர் இதே கருத்தில் அமைந்த கருவிக்குத் தங்கள் நாட்டில் காப்புரிமை பெற்றிருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒருவரையொருவர் அறியாமல் ஒரே காலத்தில் ஒரே விடையை அடைவது பொறியியலில் புதிதன்று. ஆனால் சாலையில் ஓடிய ஆயிரக்கணக்கான வண்டிகளுக்குத் தெளிப்பு முறையைக் கொண்டுசேர்த்தது மேபாக்கின் ஃபீனிக்ஸ் இன்ஜின்தான்.

கேள்வி: எங்கள் கிணற்றில் என் தந்தை காலத்தில் ஓடிய ஆயில் இன்ஜினும் இவருடைய கண்டுபிடிப்புத்தானா?
— விவசாயி, போளூர்

பதில்: இல்லை. அது ருடால்ஃப் டீசல் என்பவரின் வழியில் வந்தது. அவருடைய இன்ஜின் 1897இல் ஆக்ஸ்பர்க்கில் வெற்றிகரமாக ஓடியது. டீசலில் காற்றை மிகுதியாக அழுத்திச் சூடேற்றி எரிபொருளைப் பற்றவைப்பார்கள். மேபாக் தம் வாழ்நாள் முழுவதும் உழைத்தது பற்றவைப்புக்குத் தனி ஏற்பாடு தேவைப்படும் பெட்ரோல் இன்ஜினில்.

கேள்வி: ஏலகிரி மலைப்பாதையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். அக்னி நட்சத்திரக் காலத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு போனால், என் பழைய வேனின் ரேடியேட்டர் பாதி மலையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டரையும் இவர்தான் செய்தார் என்று உங்கள் வரியைப் படித்த பின் ஒரு நண்பர் சொன்னார். மெர்சிடஸுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?
— வேன் ஓட்டுநர், வாணியம்பாடி

பதில்: தொடர்பு மிக நெருக்கமானது, அதிலும் ஒரு மலைப்பாதை வருகிறது.

தொடக்க கால மோட்டார் வண்டிகளில் நீரைத் தொட்டியில் நிரப்பி, சூடேறி ஆவியாகப் போகவிட்டு, வழியில் மீண்டும் நிரப்பிக்கொள்வார்கள். இன்ஜினின் திறன் கூடக்கூடத் தொட்டியும் பெரிதாயிற்று. நீரின் எடையை வண்டி சுமந்துகொண்டு ஓடியது. மேபாக் 1897இல் சிறு குழாய்களால் ஆன ரேடியேட்டரை அமைத்தார். 1900இல் அதை இன்னும் செம்மைப்படுத்தி, 6 மில்லிமீட்டர் சதுரமான 8,070 குறுங்குழாய்களைத் தேன்கூட்டைப் போல் அடுக்கிப் பற்றவைத்து, குழாய்களுக்குள் காற்றும் அவற்றின் இடைவெளிகளில் நீரும் செல்லுமாறு செய்தார். பின்புறம் ஒரு விசிறி. முன்பு 18 லிட்டர் நீர் தேவைப்பட்ட இடத்தில் 9 லிட்டர் போதுமானதாயிற்று. வண்டி மெதுவாக மேடேறும்போது எதிர்க்காற்று குறைந்துவிடும் என்பதால் அந்த விசிறியின் அருமை மலையேற்றத்தில்தான் தெரியும். உங்கள் வேன் பாதி வழியில் கொதிக்கிறது என்றால், விசிறியின் பெல்ட்டையும் ரேடியேட்டர் அடைப்பையும் முதலில் பார்த்துவிடுங்கள்.

இனி மலைக்கு வருவோம். பிரான்சின் தென்கரையில் உள்ள நீஸ் நகரிலிருந்து லா டுர்பி என்னும் குன்றுக்கு ஆண்டுதோறும் மலையேற்றப் பந்தயம் நடந்துவந்தது. 1900 மார்ச் 30 அன்று நடந்த பந்தயத்தில், டைம்லர் நிறுவனத்தின் 28 குதிரைத்திறன் ஃபீனிக்ஸ் வண்டியை ஓட்டிய வில்ஹெல்ம் பவர் என்பவர் விபத்தில் இறந்தார். வண்டி உயரமானது, நீளம் குறைந்தது, முன்புறம் கனத்தது. ஆற்றல் கூடியிருந்த அளவுக்கு அமைப்பு மாறியிருக்கவில்லை. பந்தயத்திலிருந்தே விலகிவிடலாம் என்ற எண்ணம் நிறுவனத்தில் எழுந்தது. அந்நிறுவனத்தின் கார்களை நீஸில் செல்வர்களுக்கு விற்றுவந்த யெல்லினெக்கோ நேர்மாறாக, நீளமான, தாழ்வான, இலேசான, இன்னும் ஆற்றல் மிக்க ஒரு புதிய வண்டி வேண்டும், அதற்குத் தம் மகளின் பெயரைச் சூட்ட வேண்டும் என்று கேட்டு, அடுத்த சில நாட்களிலேயே 5,50,000 மார்க்குக்கு 36 வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தார். அதே மார்ச் மாதம் 6ஆம் தேதி டைம்லர் இறந்திருந்தார் என்பதால், அவருடைய நிழல்கூட இல்லாமல் மேபாக் தனித்து வரைந்த முதல் கார் இது.

அதற்கு முந்தைய வண்டிகள் குதிரை இல்லாத குதிரை வண்டிகளாகவே காட்சியளித்தன. 1900 டிசம்பரில் ஒப்படைக்கப்பட்ட இந்த வண்டியைப் பார்த்தால் இன்றைய குழந்தையும் கார் என்று சொல்லும். அழுத்திச் செய்த எஃகுச் சட்டம், தாழ்வாகப் பதிந்த நான்கு சிலிண்டர் இன்ஜின், முகப்பில் தேன்கூட்டு ரேடியேட்டர். ஏறத்தாழ 5.9 லிட்டர் கொள்ளளவில் 35 குதிரைத்திறன் தந்த அந்த இன்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸ் அலுமினியக் கலவையால் ஆனது. உள்ளிழுக்கும் வால்வுகள் அதுவரை பிஸ்டனின் இழுப்பில் தாமே திறந்துகொண்டவை, இதில் கேம் ஷாஃப்ட் என்னும் சுழலும் தண்டால் திறக்கப்பட்டன. இன்ஜினின் எடை 320 கிலோவிலிருந்து 230 கிலோவாகக் குறைந்தது. அடுத்த மார்ச் மாதம் அதே லா டுர்பி மலையில் இந்த வண்டி மணிக்குச் சராசரி 51.4 கிலோமீட்டர் வேகத்தில் ஏறி முதலிடம் பெற்றது. முந்தைய சாதனை 31.3 கிலோமீட்டர். மெர்சிடஸ் யுகத்தில் நுழைந்துவிட்டோம் என்று பிரெஞ்சுப் பத்திரிகையாளர் பால் மேயான் எழுதினார். வடிவமைப்பாளர்களின் அரசர் என்று மேபாக்கைப் பிரெஞ்சுக்காரர்கள் அழைத்தார்கள்.

கேள்வி: உழைத்தவர் ஒருவர், பெயர் பெற்றவர் இன்னொருவர் என்று இதைச் சொல்லலாம் அல்லவா? நம் நெடுஞ்சாலையில் போகும் லாரிகளின் முகப்பில் பென்ஸ் பெயர் இருக்கிறது. நிறுவனத்தின் பெயரில் டைம்லர் இருக்கிறார். மேபாக் ஏமாற்றப்பட்டாரா?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வாலாஜாபேட்டை

பதில்: டைம்லர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். 1882இல் இருவருக்கும் இடையே எழுத்தாலான ஒப்பந்தம் இருந்தது. அதன்படி மேபாக்குக்கு ஆண்டுக்கு 3,600 மார்க் சம்பளம். கண்டுபிடிப்புகளை வடிவமைத்துச் செயற்படுத்துவது அவர் கடமை. முதலைப் போட்டவர் டைம்லர், எனவே காப்புரிமைகள் அவர் பெயரில் பதிவாயின. அக்காலத்து வழக்கம் அது. கன்ஸ்டாட்டில் எந்தக் கோடு எவருடையது என்று பிரித்துச் சொல்லவும் முடியாது. வேகமாக ஓடும் சிறிய இன்ஜின் வேண்டும் என்ற பிடிவாதம் டைம்லருடையது. அந்தப் பிடிவாதத்துக்கு உருவம் கொடுத்த கை மேபாக்கினுடையது என்று சொன்னால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

1890இல் பங்குதாரர்களைச் சேர்த்து டைம்லர் மோட்டார் நிறுவனம் தொடங்கப்பட்டபோது, மேபாக்குக்குத் தரப்பட்ட நிபந்தனைகள் ஏற்கத்தக்கவையாக இல்லை. 1891 பிப்ரவரியில் அவர் விலகினார். டைம்லரோ தம் பெயரைத் தாங்கிய நிறுவனத்தின் பங்குதாரர்களோடு பூசலில் இருந்துகொண்டே, கன்ஸ்டாட்டில் மூடப்பட்டுக் கிடந்த ஹெர்மன் ஓட்டலின் கூடத்தில் மேபாக்குக்குப் பட்டறை அமைக்க உதவினார். ஃபீனிக்ஸ் இன்ஜினும் தெளிப்புக் கார்ப்பரேட்டரும் அங்கேதான் உருவாயின. நல்ல பொறியாளரை இழந்த நிறுவனம் தள்ளாடியது. உரிமம் வாங்க வந்த ஃப்ரெடெரிக் சிம்ஸ் என்னும் பிரிட்டிஷ் தொழிலதிபர், டைம்லர் திரும்பி வந்தால்தான் 3,50,000 மார்க் தருவேன் என்று நிபந்தனை விதித்தார். 1895இல் டைம்லர் திரும்பினார். மேபாக்கும் தொழில்நுட்ப இயக்குநராகத் திரும்பினார்.

உண்மையான அநீதி டைம்லரின் மறைவுக்குப் பிறகு நேர்ந்தது என்பதே என் கருத்து. மெர்சிடஸின் புகழால் நிறுவனம் செழித்த அதே ஆண்டுகளில், அதை வரைந்தவரை நிர்வாகம் படிப்படியாக ஒதுக்கியது. பொறுப்புகள் பிறரிடம் சென்றன. மேலிருந்து இயங்கும் வால்வுகளும் கேம் ஷாஃப்டும் கொண்ட ஆறு சிலிண்டர் பந்தய இன்ஜின் ஒன்றை 1906இல் வரைந்து முடித்துவிட்டு, 1907 ஏப்ரலில், 61ஆம் வயதில், மேபாக் வெளியேறினார். டைம்லரின் மகன் பவுல் அந்த இடத்துக்கு வந்தார். கல்லூரி வாசலை மிதிக்காத மேபாக்குக்கு 1916இல் ஸ்டுட்கார்ட் தொழில்நுட்பக் கல்லூரி மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. பென்ஸ் பெயர் 1926இல் இரு நிறுவனங்களும் இணைந்தபோது வந்து சேர்ந்தது. அதற்கு முன் அவர்கள் போட்டியாளர்கள்.

கேள்வி: ஆவடியில் செய்யப்படும் அர்ஜுன் டாங்கியின் இன்ஜினுக்கும் மேபாக்குக்கும் உறவு உண்டு என்று அங்கே வேலை பார்த்த என் மைத்துனர் சொல்கிறார். எப்படி?
— ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், அரக்கோணம்

பதில்: உங்கள் மைத்துனர் சொல்வது சரி, ஆனால் ஒரு வான்கப்பலை, அதாவது வாயு நிரப்பிப் பறக்கவிட்ட பெரிய கலத்தை, சுற்றிக்கொண்டு வர வேண்டும். செப்பெலின் பிரபுவின் நான்காம் வான்கப்பல் 1908 ஆகஸ்ட் 5 அன்று எக்டர்டிங்கனில் புயற்காற்றில் சிக்கி எரிந்துபோனது. மக்கள் தாமாகவே முன்வந்து 60 இலட்சம் மார்க்குக்கு மேல் நன்கொடை குவித்தார்கள். வான்கப்பலுக்கென்றே நம்பகமான இன்ஜின் வேண்டும் என்று மேபாக் பிரபுவிடம் எடுத்துரைக்க, 1909இல் தனி நிறுவனம் ஒன்று உருவாயிற்று. தந்தை ஆலோசகராக இருக்க, மகன் கார்ல் தொழில்நுட்பப் பொறுப்பை ஏற்றார். பின்னர் அது ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபனுக்கு இடம்பெயர்ந்தது.

முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனிக்கு விமான இன்ஜின் செய்யத் தடை விதிக்கப்பட்டதால், கார்ல் கார்களுக்கும் ரயில்களுக்கான டீசல் இன்ஜின்களுக்கும் திரும்பினார். 1921இல் வெளிவந்த மேபாக் கார் அவருடைய படைப்பே. இன்று கோடிகளில் விலை சொல்லும் பெயர் அங்கிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய டாங்கிகளுக்கு இன்ஜின் கொடுத்ததும் இந்த நிறுவனம்தான். அதுவே பின்னாளில் எம்.டி.யு. என்று பெயர் மாறியது. அர்ஜுன் டாங்கியில் இருக்கும் 1,400 குதிரைத்திறன் இன்ஜின் எம்.டி.யு.வினுடையது.

1929 ஆகஸ்டில் கிராஃப் செப்பெலின் வான்கப்பல் ஐந்து மேபாக் இன்ஜின்களோடு உலகைச் சுற்றி வந்தபோது வில்ஹெல்ம் மேபாக் உயிரோடு இருந்தார். அந்த ஆண்டு டிசம்பர் 29 அன்று இறந்த அவரை, கன்ஸ்டாட்டில் டைம்லர் இருக்கும் அதே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். குடும்பத்தின் துயரமும் பெரிது. அவருடைய இளைய மகன் அடால்ஃப் மனநோயால் நெடுங்காலம் மருத்துவமனையில் இருந்தவர். நோயாளிகளைக் கொன்றொழித்த நாஜி ஆட்சியின் திட்டத்துக்கு 1940இல் பலியானார்.

கேள்வி: என் மகள் ஸ்டுட்கார்ட்டில் மேற்படிப்புக்குச் சேர்ந்திருக்கிறாள். இவர் தொடர்பாக அங்கே பார்க்கத்தக்கவை எவை?
— இல்லத்தரசி, சத்துவாச்சாரி

பதில்: கன்ஸ்டாட்டில் அந்தத் தோட்டக் குடிலை நினைவிடமாகக் காத்து வருகிறார்கள்; முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஸ்டுட்கார்ட்டின் மெர்சிடஸ் பென்ஸ் அருங்காட்சியகம். மேபாக் கார்களுக்கென்றே பவேரியாவில் நாய்மார்க்ட் என்னும் ஊரில் ஓர் அருங்காட்சியகம் உண்டு. விடுமுறை நாளில் போய்வரலாம். 1885ஆம் ஆண்டின் மர மோட்டார் சைக்கிளைக் காணும்போது ஒன்றை நினைவில் கொள்ளட்டும்: எங்கே பார்த்தாலும் அது மாதிரி வடிவமே, ஏனெனில் மூல வண்டி 1903இல் கன்ஸ்டாட் தொழிற்சாலையில் ஏற்பட்ட தீயில் எரிந்துபோயிற்று.